ரேபிஸ் வைரஸ் நரம்பை அடையாளம் காணும் விதம்

குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கொடைக்கானலில் அனைவரும் நலமென நம்புகிறேன். எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுச் சிறுவனை நாய் கடித்த செய்தியைத் தொலைபேசியில் கேட்டதும், காலில் புகுந்த கிருமி மூளையை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று வினவினீர்கள். அவன் நலமாக இருக்கிறான். உடனே சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவி, அன்றே ஊசியும் போட்டுவிட்டார்கள்.

உண்மையில் ரேபிஸ் வைரஸ் எதையும் தேடிப் போவதில்லை. அதன் மேலுறையில் முட்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஜி புரதம் செல்லின் மேற்பரப்பில் பிற பொருள்கள் வந்து ஒட்டும் எந்த ஏற்பியோடு பொருந்துகிறதோ, அந்த ஏற்பியுள்ள செல்லில்தான் அது நுழைய முடியும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் நரம்பின் சேதியைத் தசைக்குக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்கான ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஜி புரதம் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளில் அதுவும் ஒன்று. கட்டுவிரியன் நஞ்சிலுள்ள ஒரு புரதமும் இதே ஏற்பியைத்தான் பிடிக்கிறது என்பதும், இரண்டு புரதங்களிலும் ஒரு சிறு பகுதி ஒத்திருக்கிறது என்பதும் இன்றும் என்னை வியக்க வைக்கின்றன. அங்கிருந்து நரம்பு முனைக்குள் புகும் வைரஸை, நரம்பிழைக்குள் பொருள்களை ஏற்றிச் செல்லும் செல்லின் சொந்த ஏற்பாடே தண்டுவடம் வரை கொண்டு சேர்க்கிறது.

புரதங்கள் அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள். ஜி புரதத்தின் 333ஆம் இடத்திலுள்ள ஆர்ஜினைன் என்ற ஒரே அமினோ அமிலத்தை மாற்றினால், வளர்ந்த எலிகளைக் கொல்லும் ஆற்றலை வைரஸ் இழந்துவிடுகிறது. வேறொரு வைரஸுக்கு ஜி புரதத்தைப் போர்த்தினால், அதுவும் நரம்பிழை வழியாகப் பின்னோக்கிப் பயணம் செய்கிறது. வழியைத் தீர்மானிப்பதில் மேலுறைக்கு உள்ள பங்குக்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் 1907இல் இங்கே தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம், குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில் அல்லவா இந்த வைரஸை வளர்த்துத் தடுப்பூசி செய்தது என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான ஐயம்தான். ஜி புரதம் ஒரே ஏற்பியை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஆய்வகத்தில் பழக்கப்படுத்திய வைரஸ் வகைகள் பலவகைச் செல்களிலும் வளரும். உடலுக்குள்ளோ, கடிபட்ட இடமும் நரம்பின் அமைப்பும் சேர்ந்துதான் அதன் பாதையைக் குறுக்குகின்றன.

தடுப்பூசி உண்டாக்கும் எதிர்ப்பான்கள் பிடிப்பதும் இதே ஜி புரதத்தைத்தான். அவை உருவாகச் சில நாட்கள் ஆகும் என்பதால்தான், ஆழமான காயங்களுக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பான்களையும் செலுத்துகிறார்கள். வைரஸ் நரம்புக்குள் போவதற்கு முன்பே அதை மடக்க வேண்டும்.

உங்கள் வீட்டு நாய்க்கு இந்த ஆண்டின் ஊசி போட்டாயிற்றா? மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்