லுபாங் விவசாயிகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய ராணுவ அதிகாரி ஹிரூ ஒனோடா பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் பிள்ளைகளும் சேர்ந்துதான் படித்தோம். 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்குப் போனவர், இரண்டாம் உலகப் போர் முடிந்துவிட்டது என்று விமானத்திலிருந்து போட்ட நோட்டீஸை எல்லாம் எதிரியின் சூழ்ச்சி என்று தள்ளிவிட்டுக் காட்டிலேயே கிடந்து, 1974 மார்ச்சில் பழைய மேலதிகாரி தனிகுச்சி நேரில் வந்து உத்தரவை வாசித்த பிறகுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தார். சுவையாகத்தான் எழுதியிருந்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீவில் வேறு மனிதர்களே இல்லாதது மாதிரி எழுதியிருப்பதை எப்படி ஏற்பது?

லுபாங் ஆளில்லாத காடு இல்லை. நெல் விளைகிற, மாடு வளர்க்கிற ஊர்கள் இருக்கிற தீவு. அந்த ஆண்டுகளில் ஒனோடாவும் அவரோடு காட்டில் ஒளிந்திருந்த கூட்டாளி வீரர்களும் கொன்ற தீவு மக்கள் சுமார் 30 பேர் என்கிறார்கள். ராணுவத்தினர் அல்ல, வயலுக்கும் காட்டுக்கும் பிழைப்புக்காகப் போனவர்கள். கடைசிக் கூட்டாளி கொசுகா 1972 அக்டோபரில் போலீஸ் சுட்டுச் செத்தார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், சரி, அப்போது இருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஏன் எழுதவில்லை? விவசாயிகள் அறுத்துக் குவித்திருந்த நெல்லுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் டெல்டாக்காரன். அறுத்த நெல் களத்தில் கிடக்கும்போது வானம் இருட்டினாலே எங்கள் வீட்டில் ஒருவரும் தூங்க மாட்டோம். எத்தனையோ வருடம் அந்தப் பயத்தோடு அறுவடை செய்த குடும்பங்களுக்கு உங்கள் இரண்டு பக்கக் கட்டுரையில் ஒரு பத்திகூடக் கிடைக்கவில்லை.

ஒனோடாவுக்கு மன்னிப்பு கொடுத்தது பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ். பறிகொடுத்தவர்கள் லுபாங்கில் இருந்தார்கள். 1996இல் ஒனோடா மறுபடி அங்கே போய்ப் பள்ளிக்கு 10,000 டாலர் கொடுத்தார், அதையும் சொல்லுங்கள், அவரை அரக்கனாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்குக் காட்டு வாழ்க்கைதான் வேண்டும் என்றால் குவாம் தீவில் இதே மாதிரி ஒளிந்திருந்த ஜப்பானிய வீரர் யோகோயி இருக்கிறார். தையல்காரர், மரப்பட்டையை நாராக்கி, நெய்து, சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு 1972 வரை சமாளித்தவர்.

அப்புறம், அதே ஜப்பான் ராணுவத்தில் இருந்த நாகமுரா. ஒனோடா வெளியே வந்த அதே 1974இல், டிசம்பரில், இந்தோனேசியாவின் மொரோதாய் தீவில் கண்டுபிடிக்கப்பட்டவர். தைவானின் ஆமிஸ் பழங்குடிக்காரர், அதாவது ஜப்பானின் காலனியாக இருந்த நாட்டு ஆள். ஒனோடாவுக்கு டோக்கியோவில் வீரனுக்கான வரவேற்பு. இவருக்கு ஜப்பான் அரசு முதலில் கொடுக்க முன்வந்தது வெறும் 68,000 யென், ஏனென்றால் சட்டப்படி இவருக்கு ஓய்வூதியமும் இல்லை, பழைய சம்பளப் பாக்கியும் இல்லை. விஷயம் வெளியே வந்து மக்கள் கொதித்த பிறகுதான் நன்கொடை சேர்ந்தது. ஊருக்குப் போனால், இறந்துவிட்டார் என்று நம்பி மனைவி மறுமணம் செய்திருந்தார். தைவான் அரசு இவருக்கு லீ குவாங் ஹுய் என்று ஒரு சீனப் பெயரும் வைத்திருந்தது. 1979இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார்.

அடுத்த வாரம் இதே இடத்தில், இதே அளவில், இவரைப் பற்றியும் லுபாங் மக்களைப் பற்றியும் போடுங்கள்.

– ஒரு வாசகர், மன்னார்குடி