ரிச்சி தெரு அண்ணனுக்கு நன்றி

அண்ணே, போன வாரம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு உங்கள் கடைப் படியேறியவன் நான். அவருடைய கடைசி ஐந்து வருடப் படங்கள் எல்லாம், அந்த இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக இணைத்து வைத்திருந்த ரெய்டு 0 என்ற அமைப்பில்தான் இருந்தன. அதில் ஒவ்வொரு கோப்பும் துண்டு துண்டாக இரண்டு டிஸ்க்கிலும் மாறி மாறிப் பதிந்திருக்கும். ஒன்று போனால் மற்றது மட்டும் இருந்து பயனில்லை. வேறொரு கடையில் "ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார்கள்.

நீங்கள் அந்த டிஸ்க்குகளில் ஒரு எழுத்துகூட எழுத விடவில்லை. டிடிரெஸ்கியூ என்ற நகலெடுக்கும் மென்பொருளில், நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகள் முதலில், அடம்பிடிக்கும் பகுதிகள் அப்புறம் என்று ராத்திரி முழுக்க நகலெடுத்தீர்கள். பிறகு கோப்புகளைச் சரியாக ஒட்டவைக்க, அந்த நகல்களில்தான் ஒவ்வொரு துண்டின் அளவையும் தேடினீர்கள். 64 கேபி வைத்தபோது அப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்தது, கீழே முழுக்கச் சாம்பல் நிறம். 128 கேபியில் முழு முகமும் வந்தது, வெற்றிலைக் காவி படிந்த சிரிப்போடு.

சரி, கூலி எவ்வளவு என்றால் புது டிஸ்க்கின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். அழுகையில் உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அம்மா அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். மனசார நன்றி அண்ணே.