நவம்பர் மாத வருமானத்தை நம்பி வேலையை விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரந்தர வேலையை விட்டுவிட்டு, ஸ்டாக் படங்களை (யாரும் வாங்கிப் பயன்படுத்தும்படி முன்கூட்டியே எடுத்து வைக்கும் படங்களை) இணையத்தில் விற்று முழுநேரமாக வாழும் இளைஞர் ஒருவரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அவருடைய உழைப்பில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால், ஒரு மாதத்தில் அவர் ஈட்டிய உச்சத் தொகையைத் தலைப்பிலேயே போட்ட கட்டுரை, அந்தத் தொகை எப்படி வருகிறது, எந்த மாதங்களில் குறைகிறது, அதற்காக அவர் எதையெல்லாம் இழந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டது என்னை மிகவும் கவலைப்பட வைத்தது. நானும் அதே வழியில் போனவன். கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 9 ஆண்டுகள் 4 மாதங்கள் வேலை பார்த்துவிட்டு, 2019 ஜனவரியில் ராஜினாமா செய்தேன். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பவர் எவரேனும் இருந்தால், அவர் இதையும் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான் முடிவெடுத்தது 2018 நவம்பர் மாதக் கணக்கைப் பார்த்துத்தான். அந்த மாதம், படங்களை இணையத்தில் விற்றுத் தந்து பங்கு எடுத்துக்கொள்ளும் நான்கு முகமைகளிலிருந்து சேர்த்து 512 டாலர் வந்தது. அன்றைய மதிப்பில் என் சம்பளமான 31,000 ரூபாயைவிட அதிகம். மாதாமாதம் இப்படியே வரும் என்று நினைத்துவிட்டேன். என் படங்களை வாங்குவோரில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள விளம்பர, வடிவமைப்பு நிறுவனத்தார். கிறிஸ்துமஸ் வேலைகளுக்காக அக்டோபரிலும் நவம்பரிலும் அள்ளிக்கொண்டு போகும் அவர்கள், டிசம்பர் கடைசியிலும் கோடை விடுமுறையிலும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வேலையை விட்டபின் வந்த முதல் ஆகஸ்டில் எனக்குக் கிடைத்தது 274 டாலர். ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் பார்த்தவன், என் கணக்கில் ஒரு மாதத்தை வைத்துப் பன்னிரண்டு மாதங்களை எடைபோட்டேன்.

ஒரு படம் விற்றால் என்ன கிடைக்கும் என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தப் படங்கள் பெரும்பாலும் விற்கப்படும் முறைக்கு உள்ள ராயல்டி ஃப்ரீ என்ற பெயரைக் கேட்டுப் பலர் அதை இலவசம் என்று எண்ணுகிறார்கள்; வாங்குபவர் ஒருமுறை பணம் கட்டிவிட்டால், ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்டணம் செலுத்தாமல், ஒப்பந்தம் அனுமதிக்கும் வகையில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். அப்படி வாங்குவோரிலும் பெரும்பாலோர் மாதச் சந்தா கட்டி மொத்தமாக இறக்கிக்கொள்பவர்கள் என்பதால், ஒரு பதிவிறக்கத்துக்கு எடுத்தவருக்குச் சேர்வது பெரும்பாலும் சில சென்ட்டுகளே. நான் அதிகம் நம்பியிருந்த முகமை 2020 ஜூனில், படம் எடுத்தவருக்குத் தரும் பங்கு விகிதத்தை மாற்றியது. அதுவரை, பல ஆண்டுகளாகச் சேர்ந்த மொத்த வருமானத்தைப் பொறுத்துப் பங்கு உயர்ந்துகொண்டே வந்தது. புதிய முறையில் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் எல்லோரும் அடிமட்டத்துக்கு இறக்கப்பட்டு, அந்த ஆண்டின் விற்பனையை வைத்துப் புதிதாக ஏறி வர வேண்டும். அதனால் அடுத்த ஜனவரியில், முன்பு 38 சென்ட் கொடுத்த அதே படங்கள் 10 சென்ட் கொடுத்தன. நூறு பேர் இறக்கினால் 10 டாலர். இதற்கு என் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான்.

பருத்தியும் உளுந்தும் மண்டிக்கு வரும் ஊரில் பிறந்தவனுக்கு இது புதிய கதையாக இருந்திருக்கக் கூடாது. விளைவிப்பவர் ஒருவர், கமிஷனை நிர்ணயிப்பவர் வேறொருவர். இந்தத் தொழிலின் பெரும்பணம் மண்டியில்தான் சேர்ந்திருக்கிறது. 2000இல் கனடாவின் கால்கரி நகரில் படங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் தளமாகத் தொடங்கிய ஐஸ்டாக்ஃபோட்டோவை, பெரிய பட முகமையான கெட்டி இமேஜஸ் 2006இல் 5 கோடி டாலருக்கு வாங்கியது. ஜான் ஓரிங்கர் தாம் எடுத்த சுமார் 30,000 படங்களை வைத்து 2003இல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக் என்ற முகமையைத் தொடங்கினார். அவர் செல்வந்தரானது அந்தப் படங்களை விற்றதால் அன்று, கடையை வைத்ததால். ஃபோட்டோலியா என்ற இன்னொரு முகமையை மென்பொருள் நிறுவனமான அடோபி சுமார் 80 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2014 டிசம்பரில் அறிவித்தது. கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன. கடைகள் குறையக் குறைய, சரக்கு கொண்டுவருபவரின் பேரம் எப்படியிருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு படம் வாழ்க்கையை மாற்றிவிடும் என்ற நம்பிக்கையும் இளைஞர்களிடம் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் நாம் எல்லோரும் பார்த்த அந்தப் பச்சைக் குன்று, 1996இல் சார்லஸ் ஓ'ரியர் கலிஃபோர்னியாவில் எடுத்து, முகமை வழியாக மைக்ரோசாஃப்ட் வாங்கிய படம்தான். ஆனால் அவர் அதற்கு முன்பே நேஷனல் ஜியாகிரஃபிக் இதழுக்காகப் பல ஆண்டுகள் படமெடுத்தவர்.

என் படங்களில் அதிகம் விற்றது கன்னியாகுமரிச் சூரிய உதயமும் அன்று, தேரோட்டமும் அன்று; வீட்டுக் கொல்லையில் பறித்த முருங்கைக் கீரை. அதைப் படமெடுப்பது சுலபம் என்று நினைக்க வேண்டாம். முருங்கை இலை பறித்த சில நிமிடங்களிலேயே துவண்டுவிடும். விடியற்காலையில் கொப்போடு ஒடித்து, அடிக்காம்பை நீரில் வைத்து, வடக்கு ஜன்னல் ஓரத்தில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை விரித்து, ஒவ்வொரு இணுக்கையும் நிழல் விழாதபடி பரப்பி முடிப்பதற்குள் முதல் இணுக்கு தலை சாய்த்திருக்கும். முதலில் அனுப்பிய ஏழு படங்களும் ஃபோகஸ் சரியில்லை என்று திரும்பிவந்தன. எட்டாவது தேறியது. அதற்கு ஐம்பது குறிச்சொற்கள் எழுத வேண்டும். சத்துணவுப் பொடி விற்பவர் என்ன சொல்லைப் போட்டுத் தேடுவார், சமையல் இதழ் நடத்துபவர் எப்படித் தேடுவார் என்று யோசித்து எழுத வேண்டும். என் வேலைநேரத்தில் கேமராவைக் கையில் பிடிக்கும் நேரம் கால்வாசிகூட இல்லை. படமெடுக்கும் ஆசையால் மட்டும் இதற்கு வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

மனித முகங்கள் நன்றாக விலைபோகும். அதற்கு மாடல் ரிலீஸ் எனப்படும் ஒப்புதல் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் அந்தப் படத்தை விளம்பரத்துக்கு விற்க முடியாது. எங்கள் பேருந்து நிலையத்துக்கு வெளியே மல்லிகை கட்டி விற்கும் அம்மா ஒருவரிடம் அந்தப் பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி தம்பி, என் மூஞ்சி எந்த ஊர்ல, எந்தக் கடையில வரும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த மருந்துக்கு, எந்தக் கடன் திட்டத்துக்கு அந்த முகம் ஒட்டப்படும் என்பதை எடுத்தவனும் அறிய முடியாது. பத்திரத்தை மடித்து வைத்துவிட்டு, நாரைச் சுற்றும் அவருடைய விரல்களை மட்டும் படமெடுத்தேன். பணத்துக்காக இந்தக் கேள்வியை மறைத்துக் கையெழுத்து வாங்குவது தவறு என்று உறுதியாக நம்புகிறேன்.

வேலை என்பது சம்பளம் மட்டுமன்று என்பதை விட்ட பிறகுதான் உணர்ந்தேன். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். அதற்கு எட்டு மாதம் இருக்கும்போது நான் வெளியே வந்தேன். அந்த எட்டு மாதத்தைப் பொறுத்திருக்கச் சொல்ல அன்று யாரும் இல்லை. முதலாளி செலுத்திவந்த வருங்கால வைப்பு நிதிப் பங்கும் நின்றுபோனது. கையில் வந்த பணிக்கொடையில், சிறு பொருள்களை மிக அருகிலிருந்து எடுக்க உதவும் ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். மீதி நான்கு மாத வீட்டுச் செலவுக்குப் போயிற்று. வீட்டுக் கடனுக்காக ஒரு வங்கிக்குப் போனபோது, மூன்றாண்டு வருமான வரிக் கணக்கைக் காட்டியும், சம்பளச் சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். என் மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியையாக இல்லாதிருந்தால், 2020ஐ நாங்கள் கடந்திருக்க மாட்டோம்.

வரி பற்றி ஒரு சொல். அமெரிக்க முகமைகளில், நாம் அந்நாட்டவர் அல்லர் என்று உறுதிசொல்லும் டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவத்தைப் பான் எண்ணுடன் நிரப்பிக் கொடுத்தால், அந்நாட்டு விற்பனையில் நமக்கு வரும் ராயல்டிக்கு (பங்குத் தொகைக்கு) இந்தியாவுடனான வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் 30 சதவீதம். பிடித்த தொகையை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு. இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் பணத்தை விட்டவர்களை நான் அறிவேன்.

2022க்குப் பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களை கெட்டி அந்த ஆண்டு செப்டம்பரில் தடை செய்தது. அடோபி டிசம்பரில் அடையாளமிட்டு ஏற்கத் தொடங்கியது. கைகுலுக்கும் அதிகாரிகள், சிரிக்கும் குடும்பம் போன்ற பொதுப் படங்களை இனி ஒரு வரி எழுதி எவரும் உருவாக்கிக்கொள்ளலாம். என் கணக்கில் இன்னும் நகர்பவை, குறிப்பிட்ட ஊரும் தொழிலும் பொருளும் உள்ள படங்களே.

இன்று என் வருமானத்தில் பாதிக்கு மேல் வருவது ஸ்டாக் படங்களிலிருந்து அன்று. எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்த் தயாரிப்பாளர்களுக்கும் சிவகாசி அச்சகங்களுக்கும் நேரடியாக எடுத்துத் தரும் படங்களிலிருந்து. பழைய வேலைக்குத் திரும்பும் எண்ணம் எனக்கு இல்லை. எடுத்த படங்களின் பதிப்புரிமை என்னுடையது. நம் நாட்டுச் சட்டப்படி என் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் அது என் மகளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் இருக்கும் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனாலும், வேலையில் இருந்துகொண்டே இரண்டு முழு ஆண்டுகள் இதைச் செய்து, மிக மோசமான மாதத்தின் வருமானம் வீட்டுச் செலவுக்குப் போதுமா என்று பார்த்த பிறகே நான் விட்டிருக்க வேண்டும்.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது சம்பந்தப்பட்டவரிடம் அவருடைய ஜனவரி, ஆகஸ்ட் மாத வருமானத்தையும், வரியும் செலவும் போக நிற்கும் தொகையையும், வீட்டில் வேறு சம்பளம் வருகிறதா என்பதையும் கேட்டு அச்சிடுமாறு வேண்டுகிறேன். 2013இல் விற்ற முதல் படம் தொட்டு மாதவாரியாக நான் எழுதிவைத்த கணக்கேடு என்னிடம் இருக்கிறது. தங்கள் செய்தியாளர் வந்தால் அதை முழுவதுமாகக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோவில்பட்டி.