முதலில் ஒரு புஷ் வரையக் கற்றுக்கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கணினி வரைவுப் பயிற்சிக்குச் சேரும் பிள்ளைகள் சில மாதங்களிலேயே கார் சக்கரம், எஞ்சின் என்று வரைந்துவிடுகிறார்கள். திரையில் ஆத்தங்குடிக் கல் மாதிரி பளபளக்கிறது. புதுவயல் அரிசி ஆலையில் தேய்ந்துபோன காலர் புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும், ஒரு முனையில் அகன்ற விளிம்புள்ள உலோகக் குழல்) ஒன்றைக் கையில் கொடுத்து, ‘வரைந்து லேத் பட்டறைக்கு அனுப்பு’ என்றால்தான் தடுமாற்றம். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

துவாரம் 25 மி.மீ., உடல் விட்டம் 35, காலர் விட்டம் 60, காலர் தடிமன் 8, மொத்த நீளம் 40, எம்6 (6 மி.மீ.) போல்ட்டுக்குக் காலரில் 6.6 மி.மீ. துளை நான்கு, பி.சி.டி. (துளை மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 48 என்று வைத்துக்கொள்வோம். அளவெடுக்கும்போதே முதல் தவறு நடக்கிறது. தேய்ந்த துவாரம் முட்டை வடிவில் இருக்கும், வெர்னியர் அளவி 25.6 காட்டினால் அதை அப்படியே போடக்கூடாது. ஷாஃப்டில் (தண்டில்) புஷ் உரசாத இடத்தை அளந்தால் 25 கிடைக்கும்.

அடுத்தது ஸ்கெட்ச், அதாவது தட்டை வரைவு. அச்சுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் பாதி வெட்டுத்தோற்றத்தை ‘எல்’ வடிவில் வரைந்து 360 டிகிரி ரிவால்வ் செய்தால் (அச்சைச் சுற்றிச் சுழற்றினால்) போதும். மூலையில் இம்மியளவு இடைவெளி இருந்தாலும் திண்மம் உருவாகாது. விட்டத்தை ஆரமாகப் போட்டுவிடுவதும் அடிக்கடி நடப்பது. கண்ணுக்குத் தெரியாது, எடையில் தெரியும்: வெண்கலத்தில் இந்த புஷ் சுமார் 285 கிராம். கணினி ஒரு கிலோவுக்கு மேல் காட்டினால் ஸ்கெட்சுக்குத் திரும்புங்கள்.

போல்ட் துளையை மையத்திலிருந்து எக்ஸ், ஒய் இரண்டிலும் 16.97 என்று வைக்கிறார்கள். கணக்கு சரிதான், நாளை பி.சி.டி. 50 ஆனால் துளை நகராது. பி.சி.டி. அளவில் துணை வட்டம் ஒன்று போட்டு, அதன்மேல் ஒரு துளை வைத்து, அதை வட்டமாக நான்கு முறை பிரதியெடுக்க வேண்டும். ஆழத்தையும் 8 என்று கொடுக்காமல் முழுவதும் ஊடுருவும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலர் 10 ஆகும் அன்று துளை 2 மி.மீ. மிச்சம் வைத்து நின்றுவிடும்.

அழகுக்காகப் போடும் ஃபில்லெட் (மூலை வளைவு) இன்னும் மோசம். உடலும் காலரும் சேரும் இடத்தில் 3 மி.மீ. வளைவு கொடுத்தால் அது மையத்திலிருந்து 20.5 வரை வரும். எம்6 போல்ட் தலை மூலைக்கு மூலை சுமார் 11.5, உடல் பக்கமிருந்து போட்டால் அதன் உள்விளிம்பு 18.25-இல் இருக்கும். தலை வளைவின்மேல் ஏறி உட்காரும், முறுக்கினால் சாயும். வளைவு 0.5 என்றால் தப்பிக்கலாம். அப்போதும் பாக்ஸ் ஸ்பேனர் நுழைய இடமில்லை. அது வேண்டுமென்றால் காலரையும் பி.சி.டி.யையும் பெரிதாக்கத்தான் வேண்டும். ஃபில்லெட், சேம்ஃபர் (விளிம்புச் சரிவு) எல்லாம் கடைசியில்தான். முன்னாலேயே போட்டால், அடிப்படை ஸ்கெட்சை மாற்றும்போது அவை வேறு விளிம்புக்குத் தாவிவிடும்.

கணினியில் துவாரம் எப்போதும் 25.000 தான். பட்டறைக்கு அது போதாது. 25 எச்7, அதாவது 25.000 முதல் 25.021 வரை என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். தோற்றங்களைத் தாளில் அடுக்குவதில் நம் நாட்டு வழக்கம் முதல் கோண வீழல் (மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும் முறை). மென்பொருள் மூன்றாம் கோணத்தில் இருந்தால் மாற்றி, முதல் கோணக் குறியீட்டையும் போடுங்கள். கோப்பு அனுப்புவதென்றால் ஸ்டெப் (STEP) வடிவில். எஸ்டிஎல் (STL) கோப்பில் அலகே கிடையாது, மி.மீ. அங்குலமாகிவிட்டால் புஷ் 25.4 மடங்கு பெருத்துவிடும்.

இதற்கெல்லாம் திருட்டுப் பிரதி தேவையில்லை. ஃப்ரீகேட் என்ற வரைவு மென்பொருள் இலவசம்; 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அந்த ‘விளிம்பு தாவும்’ தொல்லையும் பெருமளவு குறைந்திருக்கிறது. நம் வட்டாரப் பாலிடெக்னிக்குகளும் பயிற்சி மையங்களும் தேர்வில் ஒரு தேய்ந்த புஷ்ஷைக் கொடுக்கட்டும். மாணவர் வரைந்த தாளைப் பார்த்த டர்னர் (லேத் இயக்குபவர்) ஒரு கேள்வியும் கேட்காமல் வேலையைத் தொடங்கினால் முழு மதிப்பெண் போடட்டும்.

இப்படிக்கு,
இயந்திர வரைவுப் பயிற்றுநர்,
காரைக்குடி.