வேர்ச்சொல் நோட்டு: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். ஏழாம் வகுப்பு கீழடி அருங்காட்சியகம் போய் வந்தது. எல்லோருக்கும் வாழ்த்துகள்.

கீழடி பற்றி வகுப்பில் எழுதிய கட்டுரைகளில்தான் ஒன்று கண்ணில் பட்டது. 'ஆர்க்கியாலஜி' (தொல்லியல்) என்ற சொல்லைப் பலர் 'கே' போட்டு எழுதியிருந்தார்கள். ஆங்கிலச் சொற்களை வேரோடு எழுதிப் பழகும் அதே பிள்ளைகளின் வேர்ச்சொல் நோட்டில் அது பிழையில்லாமல் இருக்கிறது, பெரியவர்கள் கையெழுத்தில். பல நோட்டுகளில் போனில் இறக்கிய நீளமான பட்டியலை ஒட்டி, ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறது.

சிக்கலே அந்த உச்சரிப்பில்தான். தமிழில் எழுதிக்கொண்டால் ஒலி நிற்கும், ஸ்பெல்லிங் மறைந்துவிடும். கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் 'க்' ஒலிக்குப் பெரும்பாலும் 'சி, எச்' வரும்: கெமிஸ்ட்ரி, ஸ்டமக், நம் ஸ்கூல்கூட அப்படித்தான். போட்டோ, போன் இரண்டிலும் 'எஃப்' கிடையாது, 'பி, எச்'. சைக்காலஜி, நிமோனியா முன்னால் சத்தமே போடாத ஒரு 'பி' (பென்னுக்கு வருவது) உட்கார்ந்திருக்கும். 'சை' என்று மனப்பாடம் செய்த பிள்ளை 'எஸ்' போட்டுத்தான் தொடங்கும்.

"எங்களுக்கு இங்கிலீஷ் வராதே, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று சிலர் கேட்டீர்கள். தமிழ் போதும். மைக்ரோ என்றால் நுண், ஸ்கோப் என்றால் நோக்கி; மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி. டெலி என்றால் தொலை, டெலஸ்கோப் தொலைநோக்கி. பயோ உயிர், லாஜி இயல். அறிவியல் புத்தகத்தின் தமிழ்ச் சொற்கள் பல இதே கட்டுமானம்தான். போனோ ஒலி, போட்டோ ஒளி. வீட்டில் லகர ளகரம் சரியாக இருந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும்!

வாரம் 4 வேர்கள்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு வேர். பிள்ளையே சொல்லை எழுதி, வேரும் மீதிப் பகுதியும் சேரும் இடத்தில் கோடு கிழிக்கட்டும். கீழே வேரின் பொருள் தமிழில், அதன் கீழ் சொந்த வாக்கியம் ஒன்று. மூன்று நாள் கழித்து நோட்டை மூடி மறுபடி எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகும். ஒரே மாதிரி தெரிவதெல்லாம் ஒரே வேர் அல்ல: குழந்தைகள் டாக்டர் போர்டிலுள்ள பீடியாட்ரிக்ஸ் கிரேக்கம், குழந்தையைக் குறிப்பது, சைக்கிள் பெடல் லத்தீன், பாதத்தைக் குறிப்பது. இப்படிச் சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்புங்கள், ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரும் திங்கள் முதல், பெரியவர்கள் எழுதிய பக்கமும் ஒட்டிய பட்டியலும் திருத்தப்படாது, மதிப்பெண்ணும் கிடையாது. பிழையோடு பிள்ளை எழுதிய பக்கத்துக்கு உண்டு.

இரவு வேலை முடிந்து வந்தும் பிள்ளையோடு உட்காருகிறீர்கள் என்பது தெரியும். அந்த அக்கறைக்கு மனமார்ந்த நன்றி. பழைய நோட்டைக் கிழிக்க வேண்டாம், அடுத்த பக்கத்திலிருந்து தொடங்கினால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்