ஒரு நூலிழை வழியே புகும் கடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகேறுவோரின் கைகளில், மூச்சுக்குழாயோடு கூடவே ஒரு கமராவோ பிளாஸ்டிக் உறையில் இட்ட கைத்தொலைபேசியோ இப்போது தவறாமல் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவின் பவளப்பாறைகளையும் கரையோரமாகவே திரியும் சிறு சுறாக்களையும் படமெடுக்க ஆசைப்படுவது இயல்பே. ஆயினும் திரும்பி வரும் படகில் யாராவது ஒருவர் நனைந்த கருவியை உதறிக்கொண்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நானும் அவ்வாறு உதறியவன் என்பதால் இதனை எழுதுகிறேன்.

என் கமராவின் நீர்புகா உறை 40 மீற்றர் ஆழம் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. நான் நின்றதோ இடுப்பளவு நீரில். முந்திய இரவு துவாயால் துடைத்தபோது கழன்ற ஒரு நூலிழை, கதவைச் சுற்றியுள்ள றப்பர் வளையத்தின் குறுக்கே கிடந்திருக்கிறது. கடலுக்கு அந்த வழி போதுமாயிருந்தது. ஆழம் குறைவென்றால் ஆபத்தும் குறைவு என்று நாம் எண்ணுவது தவறு. பத்து மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தமே கதவை வளையத்தின்மேல் அழுத்தி இறுக்கிவிடுகிறது. மேற்பரப்பில் மிதப்பவருக்கு அந்த உதவி கிடையாது. கொளுக்கியின் பிடி மட்டுமே காவல். அலை அடிப்பதும் படகிலிருந்து குதிப்பதும் அங்கேதான்.

ஆகவே வாங்கும்போது ஆழத்தின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மேலிருந்து பவளம் பார்ப்பவருக்கு அலுமினிய உறை வீண் செலவு. பொலிகார்பனேட் என்னும் கடினமான, தெளிவான பிளாஸ்டிக் உறையே போதும், வளையம் சரியாக அமர்ந்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்தே பார்க்கவும் அது இடமளிக்கும். உங்கள் கமராவின் அதே மாதிரிக்கென்று செய்யப்பட்டதா, மாற்று வளையம் கடையில் கிடைக்குமா என்ற இரண்டையும் கேட்டறியுங்கள். 2016இல் வந்த கோப்ரோ ஹீரோ 5 என்னும் சிறு கமரா முதலாக அவ்வகைக் கமராக்களில் பெரும்பாலானவை உறையின்றியே 10 மீற்றர் வரை தாங்குவதால், சிலருக்கு உறையே தேவைப்படாது. ஆனால் மின்கலக் கதவின் விளிம்பில் ஒரு மணல் சிக்கினால் அவற்றுக்கும் அதே கதிதான். தூசியும் நீரும் புகாத தன்மையைக் காட்டத் தொலைபேசிக்குத் தரப்படும் ஐபி68 (IP68) என்ற குறியோ, அசையாத நன்னீரில், தயாரிப்பாளர் குறித்த ஆழத்துக்கும் நேரத்துக்கும் மட்டும் சோதிக்கப்பட்டது. அதனை நம்பி உறையின்றிக் கடலில் இறங்குவது துணிச்சலன்று.

பராமரிப்பில்தான் பலரும் தவறுகின்றனர். புதிய உறையை முதலில் கமரா இல்லாமல், உள்ளே உலர்ந்த மெல்லிய காகிதம் வைத்து, ஒரு பாரத்தோடு வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பாருங்கள். வளையத்தைக் கத்தியாலோ ஊசியாலோ கிளப்பாமல் விரலால் அழுத்தி எடுத்து, பள்ளத்தையும் நூல் விடாத துணியால் துடைத்து, கிரீசை மினுக்கம் தெரியும் அளவுக்கு மட்டும் தடவ வேண்டும். கிரீஸ் நீரைத் தடுப்பதற்கன்று, வளையம் முறுக்காமல் வழுக்கி அமர்வதற்கே. அள்ளிப் பூசினால் மணலைத்தான் பிடித்து வைத்திருக்கும். எங்கள் பக்கத்தில் சிலர் வசலினும் தேங்காயெண்ணெயும் பூசுகிறார்கள். அவை பல வகை றப்பரை ஊதச் செய்யும் என்பதால், உறையோடு வந்த கிரீசையே பயன்படுத்துவது நல்லது.

உறையைக் கடற்கரையில் திறந்து மூடுவதால்தான் கண்ணாடியில் உட்புறம் ஆவி படிகிறது. ஈரப்பதன் நிறைந்த வெப்பக் காற்று உள்ளே அடைபட்டு, நீரின் குளிர்ச்சி பட்டதும் துளிக்கிறது. காலையிலேயே குளிரூட்டிய அறையில், ஈரத்தை உறிஞ்சும் சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் இராது. கரையேறியதும், உப்பு காய்ந்து படிகமாகும் முன், மூடிய நிலையிலேயே நன்னீரில் ஊறவிட்டு, ஒவ்வொரு பொத்தானையும் நீருக்குள் பலமுறை அமுக்கி விடுங்கள். நிழலில் காயவிடுங்கள், மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால், வளையம் நசுங்கிக் கிடக்காதபடி கொளுக்கியைத் தளர்த்தி வையுங்கள். ஒருவேளை கடல்நீர் புகுந்துவிட்டால் கமராவை உடனே அணைத்து மின்கலத்தைக் கழற்றுங்கள். மீண்டும் மின்னேற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

வாடகைக்குக் கிடைக்கும் தொலைபேசி உறைகள்தான் எனக்குப் பெரும் கவலை. மடிப்பில் வெடித்து மஞ்சளித்த ஒன்றை, “ஒன்றும் ஆகாது” என்று சொல்லி என் மருமகனிடம் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் உள்ளே நீர் தளும்பியது. தொழில் செய்வோர்மேல் குறை சொல்வது என் நோக்கமன்று. உறையை வாடிக்கையாளரின் கண்ணெதிரே காகிதமிட்டு வாளியில் அமிழ்த்திக் காட்டியபின் கொடுப்பதையும், படகுகள் கரைசேரும் இடத்தில் கருவிகளைக் கழுவ ஒரு பீப்பாய் நன்னீரை நாள்தோறும் மாற்றி வைப்பதையும் படகு உரிமையாளர்கள் தங்களுக்குள் வழக்கமாக்கிக்கொள்ளலாம். உரிய அதிகாரிகளும், பூங்காவுக்கு அனுமதிச் சீட்டு வழங்குமிடத்தில் இதுபற்றிய ஓர் அறிவிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டுமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.