மோட்ஸார்ட்டின் 'மெசையா'வை நடத்தப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கிறிஸ்துவைப் பற்றி ஹாண்டெல் குரல்களுக்கும் வாத்தியங்களுக்குமாக எழுதிய 'மெசையா'வை, மோட்ஸார்ட் மாற்றியமைத்த வடிவில் நடத்தப்போகிறாய் என்றறிந்து மகிழ்ச்சி. ஒன்று மட்டும் செய்யாதே: கையிலிருக்கும் ஹாண்டெல் பார்ட்டுகளை (ஒவ்வொரு வாத்தியத்துக்குமான இசைத்தாள்களை) வைத்துக்கொண்டு, கிளாரினெட், ஹார்ன் போன்ற ஊது வாத்தியங்களை மேலே சேர்த்தால் போதும் என்று இறங்காதே. பழைய பார்ட்டுகளும் புதியவையும் ஒட்டாது.

வியன்னாவின் இசைப் புரவலர் வான் ஸ்வீட்டன் பிரபு கேட்டு மோட்ஸார்ட் செய்த வேலை இது. 1789 மார்ச் 6 அன்று வியன்னாவில் எஸ்டர்ஹாஸி மாளிகையில், ஜெர்மன் பாடல் வரிகளோடு அரங்கேறியது. ஹாண்டெல் காலத்தில் ஆர்கன்காரர் பாஸ் எனும் கீழ் ஸ்தாயி வரிக்கு மேல் தானே நிரப்பிக்கொண்ட ஸ்வரங்களை இதில் ஊது வாத்தியங்களே சுமக்கின்றன. ஆகவே உங்கள் ஆலயத்தில் நல்ல ஆர்கன் இருந்தாலும் கோரஸில், அதாவது எல்லோரும் சேர்ந்து பாடும் பகுதிகளில், அதை அடக்கியே வை. இரண்டும் சேர்ந்து முழங்கினால் மேல் வரிக்கும் பாஸுக்கும் நடுவே ஓடும் உள்குரல்கள் ஒன்றுமே கேட்காது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது 'இருளில் நடக்கிற ஜனங்கள்' பாட்டுக்கு. ஹாண்டெல் அங்கே வயலின்களைப் பெரும்பாலும் பாஸோடு ஒரே வரியில் தடவித் தடவி நடக்கவிட்டார். இருட்டு அந்த வெறுமையிலேயே இருந்தது. மோட்ஸார்ட் புல்லாங்குழல், கிளாரினெட், பசூன் மூன்றையும் அதன்மேல் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக நகர்த்துகிறார். என்னைக் கேட்டால், மொத்தப் படைப்பிலும் அவர் கை மிக அழகாக விழுந்த இடம் இதுதான். சுருதி விலகுவதும் இங்கேதான். சத்தத்தைக் குறைத்து வாசிக்கும்போது புல்லாங்குழல் இறங்கும், கிளாரினெட் ஏறும். ஒத்திகையில் வயலின்களை நிறுத்திவிட்டு, ஊது வாத்தியங்களை மட்டும் பாதி வேகத்தில் வாசிக்கச் சொல்.

'எக்காளம் தொனிக்கும்' பாட்டுக்கு ஹாண்டெல் எழுதிய உச்ச ஸ்தாயி டிரம்பெட்டை வாசிக்கும் கலை மோட்ஸார்ட் காலத்தில் அருகிவிட்டது. அதனால் பாட்டைச் சுருக்கி, ஹார்னுக்கும் அதில் வேலை கொடுத்தார். பழைய பார்ட்டோடு வரும் டிரம்பெட்காரர் பாதியில் தனியே நிற்பார்.

'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' கோரஸைத் தனிக்குரல்கள் தொடங்க, 'அதிசயமானவர்' என்ற இடத்தில்தான் எல்லோரும் சேர்கிறார்கள். அந்த வெடிப்புக்காக அதுவரை வயலின்களை அடக்கி வை. 'மிகவும் களிகூரு' பாட்டு இதில் டெனர் எனும் உயர்ந்த ஆண்குரலுக்குப் போகிறது. வழக்கமாக அதைப் பாடும் சோப்ரானோவிடம் (உயர்ந்த பெண்குரல்) ஒத்திகை தொடங்குமுன் நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்